செட்டிநாட்டு வீட்டுக்கு நெட்வொர்க் வயரிங்: இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறார்கள், புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்களுக்கு நல்ல வேலை. நாங்கள் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்தை அவர்களும் அடிக்கிறார்கள். நிற வரிசை மாறுவது, கனெக்டர் சரியாகப் பிடிக்காதது எல்லாம் பெரும்பாலும் டெஸ்டரில் தெரிந்துவிடும், அதை விடுங்கள்.

வைஃபையே போதும் என்பது

முகப்பில் ரவுட்டர், முற்றம் தாண்டி இரண்டாம் கட்டுக்குள் விருந்தாளி. நடுவில் நிற்கும் சுவர்களின் கனத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பைப் இல்லாமல் கேபிளைப் புதைப்பது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு வீட்டில் முகப்பிலிருந்து அடுப்படி வரை சுவரைக் காடி வெட்டி, கேட்6 என்கிற நெட்வொர்க் கேபிளை அப்படியே உள்ளே வைத்து மேலே பூசிவிட்டார்கள், பைப் செலவு மிச்சமாம். கேபிளாவது நல்லதா என்றால் அதுவும் இல்லை, அலுமினியத்தின் மேல் செம்பு போர்த்திய மலிவுச் சரக்கு. கம்பியின் நுனியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், மாட்டிய ஆக்சஸ் பாயிண்டுக்கு (வைஃபை பரப்பும் பெட்டி) கரண்டும் அதே கேபிளில்தான் போக வேண்டும், அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், தூரம் கூடக்கூட வோல்டேஜ் இறங்கும், ராத்திரி எல்லோரும் போனைக் கையில் எடுக்கிற நேரத்தில் அது அணைந்து அணைந்து எரிந்தது.

பைப் போட்டிருந்தால் பழைய கேபிளின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்து மதியச் சாப்பாட்டுக்குள் முடித்திருக்கலாம். இங்கே உளிதான். பளிங்கு போல வழவழக்கும் அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் எவ்வளவு நல்ல கொத்தனார் ஒட்டுப் போட்டாலும் ஒட்டு தெரியும். போதாததற்கு வீடு பங்காளிகளுக்குப் பொது, சுவரில் கை வைக்க எல்லோரிடமும் கேட்க வேண்டும். “வயரு கெட்டா வயரத்தானப்பா மாத்தணும், செவத்த ஏன் ஒடைக்கிறீக?” என்று வீட்டு ஆச்சி கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை.

25 மில்லிமீட்டர் பைப் போடுங்கள், பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். திருப்பங்களில் சட்டென மடங்கும் எல்போ வேண்டாம், நீளமான பெண்டு போடுங்கள், உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டுவையுங்கள். முடிந்தால் பழைய சுவரை வெட்டவே வேண்டாம், உத்தரத்தின் ஓரமாக வெளியிலேயே ஓட்டிவிடலாம்.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்ப்பது

கூடாது.

கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் விடுவது

இதுவும் கூடாது.

100 மீட்டரை மறப்பது

செம்புக் கேபிளுக்கு அதுதான் எல்லை. முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிற வீடுகள் இவை; கேபிளோ ஏறி இறங்கி, தூணைச் சுற்றித்தான் போகும். பாதை வழியே கயிறு பிடித்து அளந்துவிட்டு அப்புறம் வாங்குங்கள். மிஞ்சினால் நடுவில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச். தோட்டத்தைத் தாண்டித் தனிக் கட்டடம் என்றால் ஃபைபர்தான். பக்கத்தில் இடி விழுந்தால் செம்பு வழியே பாய்கிற அதிர்வு இரு பக்கத்துச் சுவிட்சையும் காலி செய்துவிடும், கண்ணாடி இழையில் அந்தப் பேச்சே இல்லை. கேபிளுக்குள் இரும்புக் கம்பி இல்லாத ரகமா என்று மட்டும் கடையில் கேட்டு வாங்குங்கள்.