ரியோஹா ஒயினா? முதலில் பாட்டிலைத் திருப்புங்கள்

ஸ்பெயினின் ரியோஹா ஒயின் பகுதியில், லோக்ரோன்யோ, ஆரோ ஊர்கள் பக்கம் ஒயின் சுவைக்கப் போனால், பாட்டிலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் எண்ணிட்ட முத்திரையின் நிறத்தைப் பாருங்கள். பச்சையில் தொடங்கி சிவப்பு, அடர்சிவப்பு, கடைசியாக நீலம் என்ற வரிசையில் சுவைத்துப் போங்கள்.

நிறம் சொல்வது, விற்பனைக்கு வருமுன் ஒயினை எவ்வளவு காலம் முதிரவைத்தார்கள் என்பதை. சிவப்பு ஒயினில், சிவப்பு முத்திரை கிரியான்சா என்றால் குறைந்தது 2 ஆண்டு, அதில் 1 ஆண்டு ஓக் பீப்பாயில். அடர்சிவப்பு முத்திரை ரெசெர்வா 3 ஆண்டு. நீல முத்திரை கிரான் ரெசெர்வா 5 ஆண்டு, அதில் பீப்பாயில் மட்டும் 2. பீப்பாயின் வனிலா, கிராம்பு வாசனை நாக்கில் ஏறிவிட்டால், பிறகு குடிக்கும் பச்சை முத்திரை இளம் ஒயின் சப்பென்றுதான் இருக்கும், பாவம்.

காசு மிச்சமாவது இங்கேதான்: ஒரே தயாரிப்பாளரின் கிரியான்சாவையும் ரெசெர்வாவையும் அடுத்தடுத்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பழச்சுவை பிடித்தவர்களுக்கு விலை குறைந்த கிரியான்சாவே பெரும்பாலும் போதும்.

வெள்ளை, ரோஸ் ஒயின்களுக்கு இந்தக் கால அளவு பொருந்தாது, அவற்றுக்குக் குறைவு. சில நல்ல தயாரிப்பாளர்கள் விலையுயர்ந்த ஒயினுக்கும் பச்சை முத்திரையே வைக்கிறார்கள்; அதனால் பச்சை என்றாலே மலிவு என்று நினைக்காதீர்கள், கேட்டுவிடுங்கள்.