வீட்டுக் கார்களின் கதையை எழுதி வைப்பது எப்படி?

பெரியவர்களிடம் "அந்தக் கார் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "நல்லா இருந்துச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கார் நம்பர் என்ன என்று கேளுங்கள். எங்கள் அம்மாவுக்குத் தன் செல்போன் எண் சட்டென்று வராது. ஆனால் மதுரையில் நாங்கள் வைத்திருந்த அம்பாசடரின் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நம்பர் வந்துவிட்டால், வண்டி வாங்கிய கதை, அடகு வைத்த நகை எல்லாம் பின்னாலேயே வரும்.

காலமும் அதிலேயே ஓரளவு தெரியும். 'டி.என்.' என்று தொடங்கும் நம்பர்கள் 1989க்குப் பிறகு வந்தவை. மூன்று எழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் அதற்கு முந்தைய பதிவு.

அப்புறம் ஆல்பம். காருக்கு முன்னால் குடும்பமே நிற்கும் படத்தில் ஆட்களை விட்டுவிட்டு, வண்டியின் முன்பக்கத்தில் இருக்கும் கம்பித் தடுப்பான கிரில்லைப் பாருங்கள். அம்பாசடர் மார்க் 2 வந்தது 1962ல், மார்க் 3 1975ல், மார்க் 4 1979ல். முகத்தை வைத்தே வித்தியாசம் பிடிக்கலாம். ஃபியட் காருக்குப் பிரீமியர் பத்மினி என்ற பெயர் 1974ல்தான் வந்தது. அதன் பிறகும் பல வீடுகளில் அது 'ஃபியட்' தான். உங்கள் வீட்டில் எப்படிச் சொன்னார்களோ அப்படியே எழுதுங்கள்.

அடுத்தது, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று ஒரு படம் போடுங்கள். எனக்கு அதிகம் கிடைத்தது இதில்தான். எங்கள் வண்டியில் முன்சீட் ஒரே நீள பெஞ்சு, கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில். நடுவில் நான், ஜன்னலோரம் தாத்தா. கியர் மாற்றும்போதெல்லாம் அப்பாவின் முழங்கை என் தோளில் உரசும். இரவில் எதிரே லாரி வந்தால் லைட்டை டிம் செய்ய, தரையில் இருக்கும் பட்டனை இடது காலால் மிதிப்பார். அந்த 'டக்' சத்தத்துக்காகவே நான் விழித்திருப்பேன்.

வண்டி நின்றுபோன இடங்களையும் விடாமல் கேளுங்கள். வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது, எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப்பால் இழுக்க முடியாது. அப்பா பானட்டைத் திறந்து, பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் கல்லில் உட்கார்ந்துகொள்வார். அதற்குள் அம்மா புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவார். எந்தத் துணி, என்ன சாப்பாடு, யார் வாந்தி எடுத்தது என்று தனித்தனியாகக் கேட்டால்தான் பதில் வரும்.

முடிந்தால் தெரிந்த மெக்கானிக் ஷெட்டில் நிற்கும் பழைய வண்டியில், அனுமதி கேட்டு அவர்களை உட்கார வையுங்கள். வாய் மறந்ததைக் கை சொல்லும். ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் அப்பாவின் கை தானாக சோக்கை, அதாவது குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் குமிழைத் தேடியது. செல்போனில் ரெக்கார்டிங் போட்டுவிட்டு, நடுவில் பேசாமல் இருங்கள்.

அண்ணன் ஒரு கலர் சொல்வார், அக்கா வேறு கலர் சொல்வார். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பெயர் போட்டு இரண்டையும் எழுதுங்கள்.

வண்டியை விற்ற நாளைப் பற்றிக் கடைசியில் கேளுங்கள், அதுவும் கூட்டமில்லாத நேரத்தில். ஆர்.சி. புத்தகத்தின் ஜெராக்ஸ் வீட்டில் இருந்தால், அதையும் குறிப்புகளையும் ஒரே ஃபைலில் போட்டு, படங்களின் பின்னால் பென்சிலால் ஊரையும் வருஷத்தையும் எழுதிவிடுங்கள்.