ரேடார் மழையைக் காட்டவில்லையா? டெக் லாக்கில் இப்படி எழுதுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்திலிருந்து விமானம் ஓட்டப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன், அதிலும் பீச் 1900 மாதிரி சின்ன விமானத்தில் ஜோகன்னஸ்பர்க் போய்வருகிறவர்களுக்கு. அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஹைவெல்டில், அதாவது ஜோகன்னஸ்பர்க் இருக்கும் மேட்டுநிலத்தில், மத்தியானம் தாண்டினால் இடிமேகம் எழும்பிவிடும், ஆலங்கட்டியும் விழும். அந்த நாட்களில் விமானத்தின் ரேடார் மழையை ஒருநேரம் காட்டி ஒருநேரம் காட்டாமல் இருந்தால் இன்ஜினியரிடம் வாயால் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள், விமானத்தின் பழுதுகளைப் பதியும் ஏடான டெக் லாக்கில் எழுதுங்கள்.

ஆனால் "ரேடார் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. தரையில் செல்ஃப் டெஸ்ட் போடுவார்கள், நிறப்பட்டைகள் ஒழுங்காக வரும், "கோளாறு இல்லை" என்று கையெழுத்தாகிவிடும். ரேடார் ஆன்டெனாவை மூடியிருக்கும் மூக்குக் கூடான ரேடோமுக்குள் ஈரம் இறங்கியிருப்பதோ, மேலே பெயின்ட் கனமாக அடித்திருப்பதோ அந்த டெஸ்டுக்குத் தெரியாது.

எழுதுமுன் கோளாறு கருவியிலா என்று பார்த்துவிடுங்கள். 10 அங்குல ஆன்டெனா என்றால் ரேடார் கற்றை சுமார் 10 டிகிரி விரியும்; 60 நாட்டிக்கல் மைல் தள்ளி அது 60,000 அடிக்கு மேல் அகலம், அதனால் தூரத்து மேகம் தரையோடு கலந்து தெரிவது இயல்புதான். டில்ட்டை, அதாவது ஆன்டெனாவின் மேல்-கீழ் சாய்வை, மெல்ல இறக்குங்கள். தரையே தெரியவில்லையா, அப்போது சந்தேகப்படலாம். கனமழைக்குப் பின்னால் திரை கறுப்பாக இருப்பது கோளாறு அல்ல, அந்த 3 சென்டிமீட்டர் அலையை முன்னால் உள்ள மழையே விழுங்கிவிடுகிறது. அந்தக் கறுப்பைத் தெளிந்த வானம் என்று நம்பி நுழையவே கூடாது.

சரி, லாக்கில் விஷயம் இப்படி இருக்கட்டும் (கெயின் என்றால் ரேடாரின் உணர்திறன், 11 மணித் திசை என்றால் முன்னே சற்று இடப்பக்கம்): "20,000 அடி, ரேஞ்ச் 40, டில்ட் 2 டிகிரி மேலே, கெயின் ஆட்டோ. 11 மணித் திசையில் சுமார் 25 மைலில் இடிமேகம் கண்ணுக்குத் தெரிந்தது, திரையில் இல்லை. வலப்பக்க மேகம் திரையில் தெரிந்தது. டில்ட் இறக்கியும் இடப்பக்கம் தரை வரவில்லை." இடப்பக்கம் மட்டும் என்ற அந்த ஒரு விவரம் போதும், இன்ஜினியர் ரேடார் பெட்டியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்காமல் நேராக ரேடோமின் இடப்பக்கத்தையும் ஆன்டெனா சுழற்சியையும் பார்ப்பார். முடிந்தால் பக்கத்தில் இருப்பவர் திரையைப் படம் எடுக்கட்டும்.

அப்புறம், பழைய பக்கங்களைப் புரட்டுங்கள். இதே புகார் முன்பும் வந்திருந்தால் அந்தத் தேதிகளையும் சேர்த்தே எழுதுங்கள். பழுதைச் சரிசெய்வதைத் தள்ளிவைத்திருந்தால் உங்கள் எம்.இ.எல். (எந்தக் கருவி பழுதானாலும் பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல்) நிபந்தனையை நீங்களே படியுங்கள். பெரும்பாலும் வழியில் இடிமழை முன்னறிவிப்பு இருந்தால் ரேடார் இல்லாமல் கிளம்ப அதில் அனுமதி இருக்காது. நேரமாகிறது என்று யார் நெருக்கினாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.