பதிவாகாத மீன்பாசிக் குத்தகை: பாக்கியை எப்படிக் கேட்பது?

அம்பாசமுத்திரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். குளம் வற்றி வலை இறக்குகிற சித்திரை, வைகாசியில்தான் மீன்பாசி, அதாவது குளத்தில் மீன் வளர்த்துப் பிடிக்கிற உரிமை பற்றிய தகராறுகள் எங்கள் ஆபீஸுக்கு வரும். "பத்திரம் ரெஜிஸ்டர் ஆகலையே, காசு போச்சா?" என்று குத்தகைக்கு விட்ட குளத்துக்காரர்கள் கேட்பார்கள். போகவில்லை. கேட்கிற விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் பத்திரத்தில் கையெழுத்தான தேதியைப் பாருங்கள். நான்கு மாதம் தாண்டவில்லை என்றால், இரண்டு பேரும் சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போய்ப் பதிந்துவிடலாம். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால், அபராதம் கட்டி இன்னும் நான்கு மாதம் வரை வாய்ப்பு உண்டு.

அதுவும் தாண்டிவிட்டதா? 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் மீன்பிடி உரிமையையும் அசையாச் சொத்தாகத்தான் பார்க்கிறது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதியாமல் விட்டால், குத்தகைத் தொகையையோ காலத்தையோ அந்தப் பத்திரத்தைக் காட்டி நிரூபிக்க முடியாது. வீட்டு வாடகை மாதிரி பதினொரு மாதத்துக்கு எழுதித் தப்பிக்கலாம் என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒடிசாவின் சிலிகா ஏரி பற்றிய ஆனந்த பெஹரா வழக்கில், மீன் பிடித்துப் போகிற உரிமையே அசையாச் சொத்து, நூறு ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் பதிவான பத்திரம் வேண்டும் என்று 1955இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு அதை எடுத்து நீட்டும்.

ஆகவே கோர்ட்டில் கொடுக்கும் பிராதைப் பத்திரத்தின் மேல் மட்டும் நிறுத்தாதீர்கள். 'என் குளத்தில் இறங்கி மீன் பிடித்து விற்றிருக்கிறார், அனுபவித்ததற்கு ஈடு தர வேண்டும்' என்று மாற்றுப் பரிகாரமாகவும் கேளுங்கள். ஒப்பந்தச் சட்டம் 65, 70 பிரிவுகள் இதற்குக் கைகொடுக்கும். குத்தகைக்காரர் எப்படிக் குளத்துக்குள் வந்தார் என்று காட்ட மட்டும் அந்தப் பத்திரம் உதவும். அதற்கும் முத்திரைத் தீர்வை சரியாக இருக்க வேண்டும். குறைந்திருந்தால் அபராதத்தோடு கட்டிய பிறகுதான் கோர்ட் அதைத் தொடும்.

சேரன்மகாதேவிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர், பட்டா நிலத்துக் குட்டையை மூன்று வருஷத்துக்கு இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டாம் வருஷப் பணம் வரவில்லை. பத்திரத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார். அவருடைய பழைய டைரியைப் புரட்டியபோது நடுவில் வியாபாரியின் எடைச்சீட்டுகள் இருந்தன: கட்லா இத்தனை கிலோ, ரோகு இத்தனை கிலோ, தேதியோடு. ஒரு சீட்டின் பின்பக்கம், "பாக்கியைத் தை மாதம் தந்துவிடுகிறேன்" என்று குத்தகைக்காரரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். வழக்கைத் தாங்கியது அந்தச் சீட்டுதான்.

குத்தகைப் பாக்கிக்கு, அது கட்ட வேண்டிய நாளிலிருந்து மூன்று வருஷம்தான் கெடு. அந்தக் கெடுவுக்குள் குத்தகைக்காரர் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் எண்ணலாம். பாதிப் பணத்தை ஜிபேயில் போட்டார் என்றால் அதை மட்டும் நம்பாதீர்கள், ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியைத் தாக்கல் செய்வதென்றால், 2023ஆம் வருஷத்துப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் சேர வேண்டும். அந்த போனை மாற்றிவிடாதீர்கள்.

கோபத்தில் வலையை அறுப்பதும் மதகைத் திறந்துவிடுவதும் கூடவே கூடாது. வாதியாக நிற்க வேண்டியவர் அப்புறம் கிரிமினல் கேஸில் எதிரியாக நிற்பார்.

குத்தகைக்காரருக்கும் இதே வழி உண்டு. முன்பணம் வாங்கிக்கொண்டு, குஞ்சு விட்ட பிறகு விரட்டினால், அதே 65ஆம் பிரிவில் அவர் திருப்பிக் கேட்கலாம். மீன் பண்ணையில் குஞ்சு வாங்கிய ரசீது, தீவன பில் எல்லாம் அவருக்குச் சாட்சி. ஆனால் பஞ்சாயத்துக் குளத்தை ஏலம் எடுத்தவரிடம் உள்குத்தகை வாங்கியிருந்தால், முதலில் ஏல நிபந்தனையைப் படியுங்கள். உள்குத்தகை கூடாது என்று இருந்தால் வழக்கு பலவீனமாகிவிடும்.

வக்கீல் நோட்டீஸைப் பதிவு வசதி சேர்த்த ஸ்பீட் போஸ்டில், பட்டுவாடாச் சான்றோடு அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், வழக்குப் போடும் முன் தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்துப் பாருங்கள். கோர்ட் கட்டணம் கிடையாது. லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் இல்லை. தவணையை மீன் பிடிக்கிற மாதங்களில் வைக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் குத்தகைக்காரர் கையில் காசு இருக்கும். மிச்சமிருக்கிற குத்தகைக் காலத்துக்கு, கார்த்திகையில் குளம் பெருகிக் குஞ்சு விடும் முன் புதுப் பத்திரம் போட்டுப் பதிந்துவிடுங்கள்.