தமிழுக்கும் முத்திரை உண்டு

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கிறீர்களா? அங்கே 'சீல் ஆஃப் பைலிட்டரசி' என்று ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியும் நன்றாகத் தெரிந்த மாணவருக்கு உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போது கிடைக்கும் முத்திரை. 2011-ல் கலிஃபோர்னியா முதலில் சட்டமாக்கியது; இப்போது பெரும்பாலான மாநிலங்களில் உண்டு. பள்ளியில் தமிழ்ப் பாடம் இல்லாவிட்டாலும் பல இடங்களில் வெளித்தேர்வு எழுதிப் பெறலாம். விதிகள் ஊருக்கு ஊர் மாறும், ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளி ஆலோசகரிடம் (கவுன்சிலர்) கேட்டுவிடுங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் எப்படியோ பேசிவிடுவார்கள். இடறுவது எழுத்தில்தான். பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் தினம் இரண்டு வரி, தமிழ் எழுத்திலேயே அனுப்பச் சொல்லுங்கள். பாட்டி 'சாப்டியா கண்ணு' என்றுதான் பதில் போடுவார், அது தேர்வுக்கு உதவாது. அதனால் அப்புறம் கொஞ்சம் கதைப் புத்தகமும் வேண்டும்.