தாத்தா யாரென்று தெரியாமல் செட்டிநாட்டுக்கு வருகிறீர்களா? முதலில் கோர்ட்டுக் கட்டைப் பாருங்கள்

மலேசியா, மியான்மர், இலங்கை என்று பல இடங்களில் சில குடும்பங்களுக்குப் பூர்வீகம் பற்றி ஒரே ஒரு வரிதான் மிச்சம்: "தாத்தா காரைக்குடிப் பக்கத்துச் செட்டியார்." பாட்டி அவர் பெயரைச் சொல்லாமலே போயிருப்பார். சொல்லியிருந்தாலும் அது ஊருக்குப் பத்துப் பேர் வைத்திருக்கும் பெயராக இருக்கும். இதை மட்டும் வைத்துக்கொண்டு கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் வீடு வீடாகக் கேட்டால் பதில் கிடைக்காது. பல வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன. கிளம்புவதற்கு முன்பே பழைய வழக்குகளைத் தேடத் தொடங்குங்கள்.

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஆண்கள் பெரும்பாலும் மனைவியை ஊரில் விட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். அங்கே அமைந்த இன்னொரு குடும்பம் ஊர்க் கணக்கில் ஏறவில்லை. கோயிலில் வைக்கும் குடும்பக் கணக்கான புள்ளிக் கணக்கில் மணமான தம்பதிகள்தான் உண்டு. இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்த ஓலை எழுதுவது ஊரறிந்த கல்யாணத்துக்கு மட்டும். ஆனால் சோற்றுக்கோ சொத்துக்கோ தகராறு வந்தபோது விஷயம் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. உங்கள் தாத்தாவின் பெயர் எங்காவது எழுத்தில் இருக்குமானால், அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

முதலாவது, ஜீவனாம்ச வழக்கு. 1898ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு, மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் பணம் கட்ட வேண்டும் என்றது. உச்சவரம்பு மாதம் 50 ரூபாய்; 1923இல் அது 100 ஆனது. பர்மா 1937 வரை இந்தியாவோடு சேர்ந்திருந்ததால் ரங்கூனிலும் இதே சட்டம்தான். இலங்கையில் 1889ஆம் ஆண்டின் 19ஆம் எண் பராமரிப்புக் கட்டளைச் சட்டம் இருந்தது. தாயின் வாக்குமூலம் மட்டும் போதாது, வேறு சாட்சியம் அதை உறுதிப்படுத்த வேண்டும் என்பது அங்கே விதி. அதனால் அண்டை வீட்டார் சொன்னது, கடிதம், பணம் கொடுத்த விவரம் எல்லாம் பதிவில் ஏறியிருக்கும். மாஜிஸ்திரேட் கோர்ட்டுக் கட்டுகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்டன. மேல்முறையீட்டுக்குப் போனவை அச்சில் நிற்கின்றன: இலங்கைக்கு நியூ லா ரிப்போர்ட்ஸ், பர்மாவுக்கு 1923 முதல் வந்த ரங்கூன் தீர்ப்புத் தொகுதிகள். மலாயா, சிங்கப்பூர்க்காரர்கள் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் பழைய செய்தித்தாள்களில் கோர்ட்டுச் செய்திகளைப் பாருங்கள்.

இரண்டாவது, சொத்து வழக்கு. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய புதையல். பாகப் பிரிவினை, தத்து, வாரிசு என்று சண்டை வந்தால் குடும்பமே கூண்டில் ஏறும். எதிர்க்கட்சி மறைத்ததை இந்தக் கட்சி போட்டு உடைக்கும். மணமில்லாமல் நிலையாக வைத்திருந்த பெண்ணுக்குப் பிறந்த மகனுக்குக் குடும்பச் சொத்தில் என்ன உரிமை என்ற கேள்வி 1931இல் வெள்ளையப்ப செட்டி எதிர் நடராஜன் வழக்காக அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மகனுக்குப் பாகம் இல்லை, ஆனால் குடும்பத்தில் ஒருவன் என்ற முறையில் அந்தச் சொத்திலிருந்து ஜீவனாம்சம் உண்டு என்று தீர்ப்பானது. இப்படி உரிமை கேட்க வழி இருந்ததால்தான் பிள்ளைகளின் பெயர் வழக்கில் வந்தது. இறந்துபோனவர் தகராறு தோன்றுமுன் உறவுமுறை பற்றி எழுதியதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 1872 சாட்சியச் சட்டம் சொன்னதால், பழைய கடிதங்களும் வம்சாவளிப் பட்டியல்களும் உள்ளே வந்தன. அசல்களைக் கட்சிக்காரர்கள் திரும்ப வாங்கிப் போயிருந்தாலும் தீர்ப்பின் கடைசியில் சான்றாவணங்கள், சாட்சிகள் பட்டியல் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். ஆள் பெயரை மட்டும் தேடாதீர்கள், விலாசத்தைத் தேடுங்கள். இங்கே விலாசம் என்பது முகவரி அல்ல, குடும்பத்தின் தொழில் அடையாளம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை திரும்ப வரும். ஆளைப் பிரித்துக் காட்டுவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்த விலாசமும், ஊரும், குலப் பிரிவாக அமைந்த ஒன்பது நகரக் கோயில்களில் எது என்பதும்தான். வெளிநாட்டுக் கடை நடந்ததும், வழக்குப் போட்டதும் அந்த விலாசத்தில்தான். பாட்டியின் அடகுச் சீட்டு, பழைய உறை, கடன் பத்திரம் எதிலாவது "மூனா ரூனா" என்று முதலெழுத்துகளாக விலாசத்தின் ஒரு துண்டு கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். இன்னொன்று: உங்கள் ஆள் முதலாளியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கடையை நடத்திய மேலாளாகவோ, பணப்பெட்டியருகே வேலை பழகிய பெட்டியடிப் பையனாகவோ இருக்கலாம். மேலாட்கள் பொதுவாக மூன்று வருஷக் கணக்குக்குப் போய்த் திரும்புவார்கள். பிள்ளை பிறந்த வருஷத்தை வைத்து, அப்போது அந்தக் கடையில் யார் இருந்தது என்று கடன் வழக்குகளில் பாருங்கள். கடைக்காக வழக்குப் போட்ட மேலாளின் பெயரும் அதில் இருக்கும். தேடும்போது செட்டி, செட்டியார் என்று எல்லா ஆங்கில எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். பர்மாக் காகிதங்களில் நடுவில் 'ஐ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒய்' வரும்: Chettiar என்பது Chettyar ஆகும்.

அச்சுத் தீர்ப்பில் கீழ்க்கோர்ட்டு வழக்கு எண்ணும் வருஷமும் கிடைத்தால்தான் இங்கே வந்து நகல் கேட்க முடியும். எந்தக் கோர்ட்டு என்பதும் ஊரைப் பொறுத்தது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அன்றைய இராமநாதபுரம் மாவட்டம். தேவகோட்டை, சிவகங்கை சப்கோர்ட்டுகள், அதற்கு மேல் மதுரையில் இருந்த மாவட்டக் கோர்ட்டு. இராயவரம், கோனாபட்டு போன்ற ஊர்கள் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம். அதற்குத் தனிக் கோர்ட்டுகள். உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பிடியுங்கள். நீங்கள் வழக்கில் கட்சிக்காரர் இல்லை என்பதால் காரணம் காட்டி மனுப் போட வேண்டும். அந்தக் கோர்ட்டில் பழகிய வக்கீல் குமாஸ்தாவுக்குத்தான் எந்தப் பதிவேட்டை எங்கே கேட்பது என்று தெரியும். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை, அப்போது வராதீர்கள்.

கோர்ட்டில் கட்டு இல்லையென்றால் பத்திரப்பதிவு அலுவலகம். பதிவான உயிலின் நகலை, எழுதியவர் இறந்தபின் யாரும் கேட்டு வாங்கலாம். ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ எழுதி வைத்த சிறு தொகை அதில் தென்பட்டால் கவனியுங்கள். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

கிடைத்த காகிதத்தை அப்படியே வேதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜீவனாம்ச உத்தரவு, அன்று இருந்த சாட்சியத்தை வைத்து ஒரு மாஜிஸ்திரேட் நம்பியதைச் சொல்கிறது, அவ்வளவுதான். மனு தள்ளுபடியானதால் அந்தத் தாய் பொய் சொன்னாள் என்றும் ஆகாது. டி.என்.ஏ. சோதனையோடு சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஆனால் தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே கொண்டு கொடுத்த சமூகம் இது. முடிவில் காட்டும் நெருக்கம் உண்மை உறவைவிடக் கூடுதலாகத் தெரியும். ஆண்வழி வாரிசு ஒருவர் அதே ஆண்வழியில் வந்த இங்குள்ள ஒருவரோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவு.

கடைசியில் அந்த வீட்டு வாசலுக்குப் போகும் நாள் வரும். நகல்களை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். கோர்ட்டு முத்திரையைப் பார்த்தவுடன் அவர்களுக்கு வரும் முதல் பயம் சொத்து. ஊரில் மதிப்புள்ள பெரியவர் ஒருவர் மூலம் முன்கூட்டியே சொல்லியனுப்புங்கள். பங்கு கேட்டு வரவில்லை என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பிள்ளையார் நோன்புச் சமயத்திலும் கோயில் திருவிழாவின்போதும் வெளியூரில் இருப்பவர்கள் வந்து கூடுவார்கள். முதல் பேச்சை அந்தக் கூட்டத்தில் வைக்காமல் இரண்டொரு நாள் கழித்து வையுங்கள். பெரிய ஆச்சியிடம், "ஆச்சி, உங்க அப்பச்சி கொண்டுவிக்கப் போனது எந்த ஊருக்கு?" என்று கேட்டுத் தொடங்கினால் போதும் (அப்பச்சி என்றால் இங்கே அப்பா). அவர் பேச விரும்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். உங்கள் முகவரியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த தலைமுறைப் பிள்ளை ஒருவர் பிற்பாடு எழுதக்கூடும்.