குட்டி நாயோடு முதல் பறவை வேட்டை: கிளம்புவதற்கு முன்பே செய்துவிடும் தவறுகள்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஃபெசன்ட் (கோழி இனக் காட்டுப்பறவை) வேட்டை அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை தொடங்கும். காலை 10 மணிக்கு முன்பு சுடக்கூடாது, அது மாநில விதி. 10:15-க்கு எங்கள் குட்டி நாய் மணி பிக்கப் வண்டிக்கு அடியில் கிடந்தாள். எட்டுப் பேர் வரிசை கட்டி நடந்து படபடவென்று சுட்டால், பிறந்து ஒன்பது மாதமான குட்டி வேறு என்ன செய்யும்? (மணி ஒரு ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர். பெட்டை நாய்க்கு மணி என்று பேரா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் எந்த நாய் வந்தாலும் மணிதான்.) மினசோட்டாவிலிருந்து அரை நாள் வண்டி ஓட்டி, மூன்று இரவு மோட்டலுக்குப் பணம் கட்டி, நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது வெடிச்சத்தத்துக்கு நடுங்குவதை மட்டும்தான். அதைச் சரிசெய்ய ஒரு வருடம் ஆயிற்று.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டில் திரியும் கவுதாரியைச் சுடுவது குற்றம். இங்கே நான் பேசுவது அமெரிக்காவில் உரிமம் வாங்கி, ஒரு நாளைக்கு இத்தனை என்ற கணக்கோடு நடக்கும் வேட்டையைப் பற்றி.

பறவை நிறைய இருக்கும் ஊரைத் தேடிப் போவது

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். பறவை அதிகம் எங்கே என்று கேட்டால் தெற்கு டகோட்டா என்பார்கள். அந்த மாநிலத்தின் பறவையே ஃபெசன்ட்தான், 1919-லிருந்து அங்கே வேட்டைக்காலம் உண்டு. சரிதான். ஆனால் குட்டி நாய்க்கு எண்ணிக்கை முக்கியமில்லை, பறவையின் குணம்தான் முக்கியம்.

பாயிண்டர் வகை நாயின் வேலை, மோப்பம் தட்டியதும் சிலை மாதிரி நின்றுவிடுவது. நாம் நடந்து போய்ப் பறவையைக் கிளப்ப வேண்டும். இது நடக்க வேண்டுமானால் பறவை உட்கார்ந்திருக்க வேண்டும். ஃபெசன்ட் சேவல் உட்காராது, ஓடும். புல்லுக்குள் நுழைந்து, சம்பங்கோரைக்குள் புகுந்து, வயலின் மறுமுனைக்குப் போய்த்தான் பறக்கும். நாய் நிற்கும், வாசனை நகரும், நாய் இரண்டடி வைக்கும், வாசனை இன்னும் நகரும். நாலு தடவை இப்படி ஆனதும் குட்டிக்குப் புரிந்துவிடுகிறது: நின்றால் பறவை போய்விடும், துரத்தினால்தான் பார்க்கலாம். அந்தப் புத்தி ஒரு முறை ஏறினால் இறக்குவது பெரும்பாடு.

குட்டிக்கு என்னைக் கேட்டால் இரண்டு பறவைகள். ஒன்று வுட்காக். மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களின் ஈரமான ஆல்டர் புதர்களில், நீண்ட அலகை மண்ணில் குத்தி மண்புழு தின்று வாழும் சின்னப் பறவை. சருகு நிறம், தன் நிறத்தை நம்பி அசையாமல் கிடக்கும். நாய் பத்தடியில் நின்றாலும் பறக்காது. வேட்டைக்காலம் செப்டம்பரில் தொடங்கி 45 நாள், நாளொன்றுக்கு மூன்று பறவை. வலசைப் பறவை என்பதால் துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது. உரிமத்தோடு தனியாக ஒரு பதிவும் செய்ய வேண்டும், அதை மறந்து கிளம்புகிறவர்கள் ஏராளம்.

இன்னொன்று மேற்குச் சமவெளியின் ஷார்ப்டெயில் கிரவுஸ், கூர்வால் கொண்ட கோழி இனப் பறவை. மொன்டானாவில் செப்டம்பர் 1-லேயே தொடங்கிவிடும். அந்த வருடக் குஞ்சுகள் அப்போது புல்லில் நன்றாக உட்காரும். அக்டோபரில் போனால் கூட்டம் சேர்ந்துவிடும், ஒரு பறவை நம்மைப் பார்த்தால் மொத்தமும் அரை மைல் தள்ளிப் போய்த்தான் இறங்கும். ஃபெசன்ட் அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும்.

லாப்ரடார், ஸ்பிரிங்கர் ஸ்பேனியல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை பாதிதான். அவை நிற்கிற ஜாதி இல்லை, ஓடும் சேவலைத் துரத்திக் கிளப்புபவை.

வெடிச்சத்தத்தைக் களத்தில் பழக்குவது

தீபாவளி இரவில் கட்டிலுக்கு அடியில் ஒடுங்கும் நாயை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைப் பார்த்த பிறகும், துப்பாக்கி என்றால் பழகிவிடும் என்று எப்படித்தான் நினைக்கிறோமோ. அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 வாணவேடிக்கைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்குகிறேன் என்பவர்களும் உண்டு. காரணமே தெரியாமல் வானம் வெடித்தால் பயம்தான் பழகும்.

சத்தம் பறவையோடு சேர்ந்து வர வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். ஒரு புறாவைப் பறக்கவிடுங்கள், குட்டி துரத்தட்டும். அதன் மனசு முழுக்கப் பறவையில் இருக்கும்போது, இன்னொருவர் நூறு கெஜம் தள்ளி நின்று வெற்றுத் தோட்டாத் துப்பாக்கியை ஒரு தடவை வெடிக்க வேண்டும். காது திரும்பவில்லையா? அடுத்த நாள் எண்பது கெஜம். திரும்பிப் பார்த்து வால் இறங்கினால் பழைய தூரத்துக்கே போய்விடுங்கள். வாரக்கணக்கில் ஆகும். இது முடியாமல் மோட்டலுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

கோபத்தையும் ரிமோட்டையும் சேர்த்து எடுத்துப் போவது

மின் அதிர்வுப் பட்டையைப் பயணத்துக்காகப் புதிதாக வாங்கிக் கழுத்தில் மாட்டுவது பெரிய தவறு. குட்டி பறவையை மோந்துகொண்டிருக்கும் நேரத்தில் பொத்தானை அழுத்தினால், வலித்தது பறவையால் என்றுதான் அது கணக்குப் போடும். அப்புறம் வாசனை வந்தாலே ஒதுங்கிப் போகும் நாய் ஒன்று நமக்கு மிஞ்சும்.

நம் கையையும் கட்டிப்போட வேண்டும். பாயிண்டர் குட்டி நிற்காமல் பாய்ந்து கலைத்த பறவையைச் சுடாதீர்கள். சுட்டால் கலைப்பதற்குக் கூலி கொடுத்த மாதிரி. கொழுத்த பறவை இருபது கெஜத்தில் குறுக்கே போகும்போது துப்பாக்கியை இறக்கி வைத்திருப்பது லேசில்லை, எனக்கும் எல்லா நேரமும் முடிவதில்லை. ஆனால் தாழப் பறக்கும் பறவையைச் சுடவே கூடாது. குட்டி எம்பிக் குதிக்கும், குண்டு அங்கேதான் போகும்.

அதனாலேயே முதல் பயணத்துக்கு ஒரே ஒரு நண்பர் போதும். அவருடைய தேர்ந்த நாயோடு நம் குட்டியை அவிழ்த்துவிட்டால் அது பறவையைத் தேடாது, பெரிய நாயின் வாலைப் பிடித்துக்கொண்டே போகும்.

குளிர்காலப் பயணம் என்று நினைத்து வெயிலை மறப்பது

2003-இல் தெற்கு டகோட்டாவில் தொடக்க வாரம் கடும் வெயிலாகப் போய், ஏகப்பட்ட வேட்டை நாய்கள் செத்துப்போயின. இடுப்புயரப் புல்லுக்குள் காற்று கிடையாது. நமக்கு ஜில்லென்று இருக்கும் காலையில்கூட நாய் அடுப்புக்குள் ஓடுகிறது. குட்டி தானாக நிற்காது, நாம்தான் நிறுத்த வேண்டும். அரைமணி ஓட்டம், அப்புறம் நிழலும் தண்ணீரும். நாக்கு அகலமாகத் தொங்கி, ஈறு அடர்சிவப்பாகி, கால் பின்னினால் வேட்டை முடிந்தது. உடனே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஏசி போட்ட வண்டியில் மருத்துவரிடம் கிளம்புங்கள். நாய்க்கு உடல்சூடு 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட்தான் இயல்பு. 105-ஐத் தாண்டினால் ஆபத்து.

குட்டை இருக்கிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். கோடைக் கடைசியில் மாட்டுக்குட்டைகளில் பச்சையாகப் படரும் பாசி நாயைக் கொல்லும் விஷமாக இருக்கலாம். சாப்பாடு ராத்திரிதான். காலையில் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடினால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. தீவனத்தையும் மாற்ற வேண்டாம், புது ஊரில் புதுத் தீவனம் கொடுத்து மோட்டல் கம்பளத்தைக் கழுவியவன் சொல்கிறேன்.

வீட்டுச் சோபாவில் படுத்துக் கிடந்த நாயின் பாதம் மூன்றாம் நாள் தோலுரிந்துவிடும். இரண்டு மாதம் முன்பே சரளைப் பாதையில் ஓடவிடுங்கள். ஆனால் ஒரு வயதுக்குள் எலும்பு முற்றியிருக்காது, சைக்கிளுக்குப் பின்னால் மைல்கணக்கில் இழுக்காதீர்கள்.

முள்ளும் மற்றவையும்

கான்சாஸ், நெப்ராஸ்காவின் மேற்குப் பக்கம் 'கோட்ஹெட்' என்று ஒரு முள்ளைத் திட்டுவார்கள். குனிந்து எடுத்துப் பார்த்தால் நம் நெருஞ்சி! நாய்க்குக் காலுறை வேண்டும், அதையும் வீட்டிலேயே மாட்டிப் பழக்க வேண்டும். முள்ளம்பன்றி முள் குத்தினால் வெட்டக்கூடாது, இடுக்கியால் அடியோடு இழுக்க வேண்டும். நிறைய இருந்தால் மருத்துவர்தான். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் மருத்துவமனை எது, எத்தனை மைல் என்பதைக் கிளம்புமுன் எழுதி வையுங்கள், சின்ன ஊர்களில் கைபேசி எடுக்காது. ரேபிஸ் ஊசிச் சான்றிதழும் வண்டியில் இருக்கட்டும்.

உரிமத்திலும் ஒரு கண்ணி உண்டு. தெற்கு டகோட்டா வெளிமாநிலத்தாருக்குப் பத்து நாளை ஐந்தைந்தாகப் பிரித்துத்தான் கொடுக்கும். முதல் ஐந்தைத் தொடக்க வாரக் கூட்டத்தில் தொலைக்காமல் நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள். பொது நிலங்கள் பலவற்றில் ஈயக்குண்டு கூடாது, எஃகுதான்.

மணியை அடுத்த வருடம் ஃபெசன்டுக்குக் கூட்டிப் போகவில்லை. வடக்கு மினசோட்டாவில், ஆல்டர் புதர் ஓரத்தில், ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். அவள் மூக்குக்கு நேரே தரையை எத்தனை பார்த்தும் எனக்குச் சருகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் சருகுக்கு நடுவே ஒரு கறுப்புக் கண். ஒரே வெடி, அவள் அசையவில்லை. விழுந்த பறவையை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வுட்காக் வாசனை பல நாய்களுக்கு ஆகாது. நானே போய் எடுத்துக்கொண்டேன்.